செயலாக்க ஆய்வுப் பயிற்சி: முதல்முறை நடத்துபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு மருந்து பலன் தரும் என்று ஆய்வில் தெரிந்துவிடுகிறது. அந்த மருந்து துணை சுகாதார நிலையத்தில் ஒரு திங்கட்கிழமை காலை நோயாளியின் கைக்கு வருவதற்குள் எத்தனையோ இடத்தில் சிக்கிக்கொள்கிறது. அந்தச் சிக்கல்களை ஆராய்வதுதான் இம்ப்ளிமென்டேஷன் சயின்ஸ். இங்கே செயலாக்க அறிவியல் என்று வைத்துக்கொள்வோம். "ஆய்வு நடைமுறைக்கு வர 17 ஆண்டு ஆகிறது, அதுவும் 14 சதவீதம்தான் வந்து சேர்கிறது" என்ற வரி எல்லா வகுப்பிலும் முதல் ஸ்லைடில் இருக்கும். பாலஸ், போரன் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-இல் எழுதியது அது. வெவ்வேறு ஆய்வுகளின் எண்களைக் கோத்துப் போட்ட கணக்கு. வகுப்பைத் தொடங்கிவைக்கப் போதும், அதற்கு மேல் அதன்மீது பாரம் ஏற்ற வேண்டாம்.

ஆய்வு முறையியல் ஒர்க்‌ஷாப் நடத்திப் பழகிய சமூக மருத்துவத் துறைகளுக்கும் நர்சிங் கல்லூரிகளுக்கும் இந்தப் பாடத்தை முதல்முறை எடுக்கும்போது பயன்படட்டும் என்று எழுதியது இது. உதாரணத்துக்குத் தமிழ்நாட்டின் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். மாநிலக் காசநோய்ப் பிரிவு, சென்னையிலுள்ள, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்துடன் சேர்ந்து 2022-இல் தொடங்கியது. செயலாக்கம் என்றால் என்ன என்று காட்ட இதைவிட நல்ல பாடம் பக்கத்தில் கிடைப்பது அரிது.

காலமும் ஆட்களும்

மூன்று நாள் ஒர்க்‌ஷாப் நடத்திச் சான்றிதழ் கொடுத்தால் கலைச்சொற்கள் பரவும், ஆய்வு வராது. பின்பற்றத்தக்க அமைப்பு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: சார்ட்-இட் என்ற ஆய்வுப் பயிற்சித் திட்டம். 2009-இல் காசநோய்க்கான சர்வதேச அமைப்பான தி யூனியனும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் தொடங்கியது, பிறகு உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த வெப்பமண்டல நோய் ஆராய்ச்சித் திட்டமான டிடிஆர் ஒருங்கிணைக்கிறது. பத்துப் பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று தொகுதிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு வாரம். முதலில் புரோட்டோகால், அடுத்து தரவு, கடைசியில் கட்டுரை. ஒரு தொகுதியில் முடிக்க வேண்டியதை முடிக்காதவருக்கு அடுத்த தொகுதியில் இடமில்லை. அந்தக் கறாரைத்தான் நீங்கள் முதலில் கடன் வாங்க வேண்டும். "பாவம், அவருக்கு டியூட்டி அதிகம்" என்று ஒருவருக்குத் தளர்த்தினால் அந்தச் செய்தி ஒரே இரவில் வகுப்பில் எல்லோருக்கும் போய்விடும்.

சார்ட்-இட் இருக்கும் தரவை வைத்துச் செய்யும் களச் செயல்பாட்டு ஆய்வுக்காக வந்தது. உங்கள் பாடத்தில் உத்தி (தடையைத் தாண்டும் வழி) வடிவமைப்பும் சேர்வதால் முதல் தொகுதிக்கு இரண்டு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள்.

பன்னிரண்டு பேர் போதும், மூவர் மூவராக நான்கு அணி. ஒவ்வோர் அணியிலும் திட்டத்தை நடத்தும் துறையிலிருந்து ஒருவராவது இருக்கட்டும்: வட்டார மருத்துவ அலுவலரோ, காசநோய்ப் பிரிவின் சிகிச்சை மேற்பார்வையாளரோ, செவிலியரோ. மூவரும் கல்லூரிக்காரர்களாக இருந்தால் கேள்வி அழகாக வரும், கதவு திறக்காது. ஓர் அணிக்கு ஒரு வழிகாட்டி. ஒருவருக்கு இரண்டு அணி கொடுத்தால் இரண்டுமே தேங்கும்.

விண்ணப்பம் ஒரே பக்கம். நான்கு கேள்விக்குப் பதில் எழுதச் சொல்லுங்கள்: எந்தச் சேவை? அது எந்த இடத்தில் அறுந்துபோகிறது? அது உங்களுக்கு எப்படித் தெரியும்? அதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? நான்காவதில் குறிப்பிட்டவரிடமிருந்து ஒரு கடிதமும் வாங்கி வரட்டும். கடிதம் வாங்க முடியாதவருக்குத் தரவும் கிடைக்காது, அதை ஆறு மாதம் கழித்துத் தெரிந்துகொள்வதால் யாருக்கும் லாபமில்லை. "மக்களிடையே விழிப்புணர்வு குறைவு" என்று இரண்டாவது கேள்விக்கு எழுதும் விண்ணப்பங்களைத் தள்ளி வையுங்கள்.

தமிழ்நாட்டில் நடத்துவதாக இருந்தால் தரவு சேகரிப்பு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில் விழாதபடி நாட்காட்டியைப் போடுங்கள். டெங்கு வந்துவிட்டால் களப்பணியாளர் யாரும் உங்கள் படிவத்தைத் தொட மாட்டார்.

முதல் நாள்: பொருள் வேறு, வழி வேறு

முதல் நாள் முழுவதும் ஒரே ஒரு வேறுபாட்டுக்கு. அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி கரன் இதை மிக எளிமையாகச் சொல்வார்: மருந்தோ சிகிச்சையோ "அந்தப் பொருள்". அது பலன் தருகிறதா என்று பார்ப்பது மருத்துவ ஆய்வு. அந்தப் பொருளைச் செய்ய ஆட்களுக்கும் நிலையங்களுக்கும் எப்படி உதவுவது என்று பார்ப்பது செயலாக்க ஆய்வு.

இதையே இரத்த அழுத்தத்தில் வைத்துக் காட்டுங்கள். அம்லோடிபின் 5 மி.கி. மாத்திரை பொருள். இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சி கையாண்டவை வழிகள்: எல்லோருக்கும் ஒரே எளிய சிகிச்சை நெறிமுறை, மருந்து தீராமல் பார்த்துக்கொள்வது, மருத்துவர் மட்டும் பார்க்காமல் குழுவாகப் பார்ப்பது, நோயாளிக்கு அருகிலேயே மருந்து கொடுப்பது, யார் வரவில்லை என்று காட்டும் பதிவு. மாத்திரை பலன் தரும் என்பதில் சந்தேகமில்லை. வழிகள் எந்த நிலையத்தில் எந்த அளவுக்கு நடக்கின்றன, ஏன் நடக்கவில்லை என்பதில்தான் கேள்வி இருக்கிறது.

பிறகு ஆளுக்கு இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். பொருள் எது, வழி எது. முதல் சுற்றில் பாதிப்பேர் தவறு செய்வார்கள். "செவிலியருக்குப் பயிற்சி கொடுத்தால் இரத்த அழுத்தம் குறையுமா?" என்பது அடிக்கடி வரும் தவறு. பயிற்சி வழி, அழுத்தம் பொருளின் பலன். இடையில் ஒரு படி காணாமல் போயிருக்கிறது: பயிற்சி பெற்ற செவிலியர் நெறிமுறைப்படி மருந்தைக் கூட்டினாரா? அந்தப் படியை அளக்காமல் விட்டால், அழுத்தம் குறையாதபோது மருந்து தோற்றதா, மருந்தே போய்ச் சேரவில்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லோரும் சரியாக எழுதும்வரை அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள். மதியச் சாப்பாடு தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

அறுபடும் இடத்தைக் கண்டுபிடித்தல்

காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின் அடிப்படை எளிது. காசநோய் இறப்புகளில் பெரும்பங்கு சிகிச்சை தொடங்கிய ஆரம்ப வாரங்களிலேயே நேர்கிறது. ஆகவே நோய் உறுதியானதும், எக்ஸ்ரேயோ இரத்தப் பரிசோதனையோ இல்லாமல், களப்பணியாளரே தீவிர நோயாளியைப் பிரித்தெடுக்கிறார். பிஎம்ஐ 14 அல்லது அதற்குக் கீழ். 14-க்கு மேல் 16 வரை இருந்து இரண்டு காலிலும் வீக்கம். நிமிடத்துக்கு 24-க்கு மேல் மூச்சு. ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழ். பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாமை. இதில் ஏதாவது ஒன்று இருந்தால் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும், அங்கே முழுமையாகப் பரிசோதித்து உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும்.

இதை வைத்து ஒரு கணக்குப் பயிற்சி கொடுங்கள். எண்கள் பயிற்சிக்காகப் புனைந்தவை என்று பலகையிலேயே எழுதிவிடுங்கள். புதிய நோயாளிகள் 100. பிரித்தறியப்பட்டவர் 90. அதில் தீவிரம் என்று தெரிந்தவர் 18. அனுப்பப்பட்டவர் 17. முழுப் பரிசோதனை நடந்தது 12 பேருக்கு. சேர்க்கப்பட்டவர் 11. எங்கே ஒழுகுகிறது?

வேகமாகப் பதில் சொல்பவர் "100-இலிருந்து 90, பத்துப் பேர் போய்விட்டார்கள்" என்பார். கொஞ்சம் யோசிப்பவர், அந்தப் பத்துப் பேரில் ஐந்தில் ஒருவர் வீதம் இரண்டு பேர்தான் தீவிரமாக இருப்பார்கள், ஆனால் அனுப்பிய 17-க்கும் பரிசோதித்த 12-க்கும் நடுவே ஐந்து தீவிர நோயாளிகள் தொலைகிறார்கள் என்பார். இரண்டாவது பதில் மேலானது. அங்கேயும் நிறுத்தாதீர்கள். பிரித்தறியப்படாத அந்தப் பத்துப் பேர் யார் என்று கேளுங்கள். எடை மெஷினில் ஏறி நிற்க முடியாதவருக்கு எடை பார்க்க முடியாது. எடை இல்லையென்றால் பிஎம்ஐ இல்லை. பிஎம்ஐ இல்லையென்று படிவம் பாதியில் நிற்கிறது. ஆனால் நிற்க முடியாமையே ஓர் அறிகுறி, அது ஒன்றே போதும் அவரை அனுப்ப! விடுபட்ட பத்துப் பேரும் சராசரி நோயாளிகளாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. விடுபட்டவர் ஏன் விடுபட்டார் என்று கேட்கும் பழக்கத்தை இந்த ஒரு பயிற்சி கொடுத்துவிட்டால் தொகுதியின் செலவு கழிந்துவிட்டது.

இன்னொன்றும் இங்கேயே காட்டலாம். மூச்சை முழு நிமிடம் எண்ண வேண்டும். கூட்டம் அதிகமானால் கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குவார்கள். அப்போது பதிவேட்டில் 20, 24, 28 மட்டுமே நிற்கும். வெட்டு எல்லை 24-க்கு மேல் என்பதால் 25, 26 மூச்சு விடுபவர் 24 ஆகப் பதிவாகி வீட்டுக்குப் போய்விடலாம். பதிவேட்டின் ஒரு பக்கத்தைக் கொடுத்து (பெயர், எண் எல்லாம் நீக்கியது) மூச்சு எண்ணிக்கைப் பத்தியை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். முறை பிசகாமல் நடக்கிறதா என்பதை அளக்க எப்போதும் தனி ஆய்வு தேவையில்லை. பல சமயம் அது பழைய பதிவேட்டிலேயே இருக்கும்.

சட்டகம் இரண்டு போதும்

இந்தத் துறையில் சட்டகங்களுக்கு (ஃப்ரேம்வொர்க்) பஞ்சமில்லை. அதுதான் பிரச்சினையும். புதிதாக வருபவர் எது சிறந்தது என்று தேடியே இரண்டு நாளைத் தொலைப்பார். நீங்களே முடிவு செய்து கொடுத்துவிடுங்கள்: தடையைக் கண்டுபிடிக்க சி.எஃப்.ஐ.ஆர்., விளைவை அளக்க ரீ-எய்ம். முதலாவது 2009-இல் வந்து 2022-இல் திருத்தப்பட்டது. புதுமை (நாம் கொண்டுவரும் பொருள்), வெளிச்சூழல், உள்சூழல், மனிதர்கள், செயலாக்கும் முறை என்று ஐந்து களங்கள். இரண்டாவது 1999-இல் வந்தது. எத்தனை பேரை எட்டியது, பலன் தந்ததா, நிலையங்கள் எடுத்துக்கொண்டனவா, ஒழுங்காக நடந்ததா, நீடித்ததா என்று ஐந்து கேள்விகள். மற்ற சட்டகங்களை இரண்டாவது தொகுதியில் அரைமணி நேரம் அறிமுகம் செய்தால் போதும்.

சி.எஃப்.ஐ.ஆரின் பழைய வடிவத்தில் 39 கருத்துகள் இருந்தன. அத்தனைக்கும் கேள்வி எழுதிய நேர்காணல் வழிகாட்டியை யாராவது கட்டாயம் கொண்டுவருவார்கள். களநிலவரம் தெரிந்த அணி உறுப்பினரை வைத்து ஆறேழாகச் சுருக்குங்கள். அதோடு, சட்டகத்தின் மொழியில் கேள்வி கேட்கக் கூடாது. "உங்கள் நிலையத்தின் உள்சூழல் எப்படி?" என்று கேட்டால் செவிலியர் மின்விசிறியைப் பார்ப்பார். "சிஸ்டர், போன வாரம் கடைசியா வந்த டிபி பேஷன்ட்டை நினைச்சுக்கோங்க. அவர் உள்ள வந்ததிலிருந்து என்னென்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க" என்று தொடங்குங்கள். களங்களில் அடுக்குவது உங்கள் வேலை, அவருடையதில்லை.

பேட்டி எடுப்பவர் டாக்டராக இருந்தால் "எல்லாம் நல்லா போகுது சார்" என்பதோடு முடிந்துவிடும். மேலதிகாரி பக்கத்து அறையில் இருந்தாலும் அப்படித்தான். அணியில் மருத்துவர் அல்லாதவர் பேசட்டும், நிலையத்துக்கு வெளியே பேசட்டும், மதியம் இரண்டு மணிக்குப் பிறகு பேசட்டும்.

உத்தியை ஏழு உறுப்போடு எழுதுதல்

பெரும்பாலான புரோட்டோகால்கள் சரிவது இங்கேதான். தடை என்னவாக இருந்தாலும் அணிகள் மூன்றே மருந்து எழுதும்: பயிற்சி, போஸ்டர், வாட்ஸ்அப் குழு. 2015-இல் வெளியான எரிக் என்ற செயலாக்க உத்தித் தொகுப்பில் 73 உத்திகள் இருக்கின்றன. அந்தப் பட்டியலை அச்சிட்டு, கத்தரித்து, சீட்டுக்கட்டாகக் கொடுங்கள். ஒரு தடையைச் சொல்லி அதற்குப் பொருந்தும் மூன்று சீட்டை எடுக்கச் சொல்லுங்கள். தெரியாததால் செய்யவில்லையா, கருவி இல்லாததால் செய்யவில்லையா, யாரும் கேட்பதில்லை என்பதால் செய்யவில்லையா? முதலாவதற்கு மட்டும்தான் பயிற்சி மருந்து.

எடுத்த உத்தியை அமெரிக்க ஆய்வாளர் எனோலா ப்ராக்டரும் சகாக்களும் 2013-இல் சொன்ன ஏழு உறுப்போடு எழுத வேண்டும்: யார், என்ன செய்கிறார், யாரை அல்லது எதை மாற்ற, எப்போது, எத்தனை முறை, எந்த விளைவுக்காக, ஏன் இது.

"பரிந்துரை முறையை வலுப்படுத்துதல்" என்று ஓர் அணி எழுதும். அதையே இப்படி விரிக்கச் செய்யுங்கள். தீவிரம் என்று தெரிந்த அன்றே சிகிச்சை மேற்பார்வையாளர் (யார்) மருத்துவமனையின் பொறுப்புச் செவிலியருக்கு போன் செய்து நோயாளி வரும் நேரத்தைச் சொல்கிறார் (என்ன). நோயாளி புறநோயாளி வரிசையில் நிற்காமல் நேரே வார்டுக்குப் போவது நோக்கம் (எதை மாற்ற). தீவிரம் என்று தெரிந்த அன்றே (எப்போது), ஒரு போன், மறுநாள் காலை வந்தாரா என்று இன்னொரு போன் (எத்தனை முறை). அனுப்பப்பட்டவரில் இரண்டு நாளுக்குள் முழுப் பரிசோதனை முடிந்தவர் விகிதம் (எந்த விளைவு). வரிசையில் காத்திருந்து திரும்பிவிடுகிறார்கள் என்று நேர்காணலில் தெரிந்தது (ஏன்). இப்படி எழுதிவிட்டால் அடுத்த மாவட்டத்தில் இன்னொருவர் இதை அப்படியே செய்துபார்க்கலாம். "வலுப்படுத்துதலை" யாரும் செய்துபார்க்க முடியாது.

அளவீடு

செயலாக்க விளைவுகள் எட்டு என்று ப்ராக்டர் குழு 2011-இல் வகுத்தது: ஏற்பு, கையில் எடுத்தல், பொருத்தம், செய்ய இயலுதல், முறை பிசகாமை, செலவு, பரவிய அளவு, நீடிப்பு. ஓர் அணிக்கு இரண்டோ மூன்றோ போதும். செலவை எல்லோரும் தவிர்ப்பார்கள், அதிகாரி முதலில் கேட்பது அதைத்தான். குறைந்தபட்சம் ஊழியரின் நேரத்தையாவது கடிகாரம் வைத்து அளக்கட்டும்.

ஏற்பு, பொருத்தம், இயலுதல் மூன்றுக்கும் தலா நான்கு வரி கொண்ட சிறு வினாத்தாள்கள் 2017 முதல் புழக்கத்தில் இருக்கின்றன, ஐந்து படி விடைகளோடு. பார்க்க எளிது, மொழிபெயர்ப்பில் பொறி இருக்கிறது. தமிழில் போட்டால் மூன்றுமே "சரிதான்" என்ற ஒரே உணர்வாகக் குழைந்துவிடும், எல்லோரும் 4, 5-ஐ டிக் செய்துவிட்டுப் போவார்கள். மொழிபெயர்த்து, வேறொருவரை வைத்து மறுமொழிபெயர்ப்புப் பார்த்து, பிறகு ஐந்தாறு பேரிடம் ஒவ்வொரு வரியையும் படித்துக்காட்டி "இதுல என்ன கேட்கிறாங்கன்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். அதற்குப் பிறகும் வினாத்தாளை மட்டும் நம்பாமல் பதிவேட்டு எண் ஒன்றைக் கூடவே வையுங்கள்.

ஆய்வு வடிவம்

கரன் குழு 2012-இல் சொன்ன மூன்று கலப்பு (ஹைப்ரிட்) ஆய்வு வகைகளை ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம். முதல் வகையில் பொருளின் பலன் முதன்மை, மூன்றாவதில் வழி முதன்மை, இரண்டாவதில் இரண்டும். முதல்முறை வருபவருக்கு மூன்றாவதே பொருத்தம்.

படிப்படியாக நிலையங்களைச் சேர்க்கும் வடிவம் அரசுத் திட்டத்துக்குச் சௌகரியம், எப்படியும் ஒரே நாளில் எல்லா வட்டாரத்திலும் தொடங்க முடியாது. ஆனால் எந்த வட்டாரம் எப்போது என்பதைக் குலுக்கல் முடிவு செய்ய வேண்டும். ஆர்வமுள்ள வட்டாரத்தை முதலில் போட்டால் கணக்கு கெட்டுவிடும். ஒப்பீட்டு நிலையம் கிடைக்காதபோது மாதாந்திரத் தரவை வைத்து முன்னும் பின்னும் 12 மாதம் பாருங்கள், பருவ மாற்றமும் அடங்கிவிடும்.

மாதிரி அளவில் எல்லோரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. உத்தி நிலையத்துக்குக் கொடுக்கப்படுகிறது, எண்ணுவதோ நோயாளிகளை. ஒரே நிலையத்து நோயாளிகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். நிலையத்துக்கு 50 பேர், அந்த ஒத்திருப்பின் அளவு (உட்கொத்து ஒற்றுமை, ஐசிசி) 0.02 என்றால்கூட 1 + 49 × 0.02 = 1.98. அதாவது சாதாரணக் கணக்கில் வரும் எண்ணிக்கையைப் போல இருமடங்கு தேவை. இந்தக் கூட்டலைப் பலகையில் ஒருமுறை போட்டுக்காட்டினால் "ஆறு பிஎச்சியில் 600 பேர்" என்ற பேச்சு நின்றுவிடும்.

நெறிமுறைக் குழு

ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குழு கேட்கும் முதல் கேள்வி: பங்கேற்பவர் யார்? நோயாளி மட்டுமில்லை, ஊழியரும்தான். மறுத்தால் பணியில் பாதிப்பு வராது என்பதும், பதில்கள் மேலதிகாரிக்குப் போகாது என்பதும் ஒப்புதல் படிவத்தில் இருக்க வேண்டும். துறை அனுமதியும் நெறிமுறை அனுமதியும் ஒன்றையொன்று காத்துக்கொண்டு நிற்கும். இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கிவிடுங்கள், முதல் தொகுதி முடிந்த அடுத்த வாரமே.

தொகுதிகளுக்கு இடையே

அணிகள் கரைவது வகுப்பில் இல்லை, இடைவெளியில். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் வழிகாட்டியுடன் போன், தேதி முன்கூட்டியே குறித்தது. ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி: அடுத்த அழைப்புக்குள் எந்தக் காகிதம் முடியும்? அணியில் ஒருவர் மாற்றலாகிப் போவார், அது நடக்கும். அதனால்தான் மூவர்.

பகுப்பாய்வில் புது மென்பொருள் கற்றுக்கொடுக்க இறங்காதீர்கள். எப்பிடேட்டாவோ எக்செல்லோ, தெரிந்ததில் சதவீதமும் நம்பக எல்லையும் (கான்ஃபிடன்ஸ் இன்டர்வல்) வந்தால் போதும்.

எழுதியதை யாரிடம் சேர்ப்பது

கட்டுரைக்கு, செயலாக்க ஆய்வுகளை எழுதுவதற்கென்று 2017-இல் வந்த ஸ்டாரி சரிபார்ப்புப் பட்டியலைப் பயன்படுத்துங்கள். வழியையும் பொருளையும் தனித்தனியாக எழுதச் சொல்வதால் முதல் நாள் பாடம் கடைசியில் மறுபடி உதவும்.

கட்டுரைக்கு முன்பே வர வேண்டியது ஒரு பக்கக் குறிப்பு, தமிழில், முடிவெடுப்பவருக்கு. மேலே ஒரே எண். அடுத்து, அது ஏன் என்று மூன்று வரி. பிறகு என்ன செய்யலாம், யார் செய்ய வேண்டும், என்ன செலவு. பி மதிப்பு வேண்டாம். அதைவிடச் சிறியதாக, தகவல் கொடுத்த செவிலியர்களுக்கு ஒரு ஐந்து நிமிடப் பேச்சு, வட்டார மாதாந்திரக் கூட்டத்தில். படிவம் நிரப்பியவருக்கு முடிவு தெரியாவிட்டால் அடுத்த அணிக்குப் படிவம் கிடைக்காது.

பயிற்சி முடிந்து பதினெட்டு மாதம் கழித்து ஒவ்வோர் அணிக்கும் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள்: கட்டுரை வந்ததா? பரிந்துரைத்ததை யாராவது செய்கிறார்களா? நீங்கள் அடுத்த ஆய்வு தொடங்கினீர்களா? இரண்டாவதற்கு "ஆமாம்" என்றால் ஆதாரமாக ஒரு சுற்றறிக்கையோ, மாற்றிய பதிவேட்டின் படமோ கேட்டு வாங்கி வையுங்கள். அடுத்த பயிற்சியின் முதல் நாள் ஸ்லைடில் 17 ஆண்டுக் கணக்குக்குப் பதிலாக அதைப் போடலாம்.